கண்ட்ரோலுக்கு மூணு மார்க்

பதினாறாம் நாள் விசேசத்துக்குப் போயிட்டு வாரேன் அண்ணாச்சி. திசையன்விளைக்குப் பக்கத்துல ஒரு ஊரு. இல்ல இல்ல, சொந்தக்காரன் கெடையாது. கூட்டாளி. லிங்கதுரைன்னு பேரு. ஆறாப்புலருந்து ஒண்ணாப் படிச்சவன். என் வயசுதான்.

அழுகை வரலியான்னு நீங்களும் பாக்கீக. பாருங்க, பரவால்ல. அங்கயும் எல்லாரும் அப்படித்தான் பாத்தாக. எடுத்த அன்னைக்குப் போனப்பவும் வரல, இன்னைக்கும் வரல. பல்லு புடுங்கப் போனா ஊசி போட்டு விடுவாகல்லா, அதுக்கப்புறம் வாயி கெடக்கும், ஆனா நம்ம வாயி மாதிரி இருக்காதே, அப்படி இருக்கு. பந்தியில ஒக்காந்து நல்லாத்தான் சாப்பிட்டேன். பாயாசம் ரெண்டாந் தடவ கேட்டு வாங்குனேன். எதுக்குக் கேட்டேன்னு தெரியல.

நீங்க திருநெல்வேலியிலதான எறங்கணும்? நானும் அங்கதான், அங்கருந்து கோவில்பட்டிக்கு வேற பஸ்ஸு. அப்பம் நேரம் கெடக்கு, சொல்லுதேன்.

எனக்கு அவன் மேல ஒரே ஒரு கொறைதான் அண்ணாச்சி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? அதத்தான் கேக்கேன். நான் என்ன, கடிச்சா திங்கப் போறேன்?

நான் தமிழ் வாத்தியாரு. பிரைவேட் ஸ்கூல்ல. அவன் அதே ஸ்கூல்ல வேன் ஓட்டுனான். ஸ்கூல் கேட்டுக்குள்ள இருந்தா என்னை ‘சார்’ம்பான். கேட்டத் தாண்டிட்டா ‘லே ஆவுடை’. ஆவுடையப்பன்னு பேரு எனக்கு. நான் அவன கேட்டுக்கு உள்ள வச்சும் லிங்கதொரைம்பேன், வெளிய வச்சும் லிங்கதொரைம்பேன். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கெடையாது.

நாங்க ரெண்டு பேரும் யூடியூப்ல ஒரு சேனல் வச்சிருந்தோம். சிரிக்கப்பிடாது. பழைய வீடியோ கேமுக்கு மார்க் போடுத சேனல். நீங்க ஆடியிருப்பீக. டிவியில மாட்டி, கேசட்ட மேல சொருகி, படம் வரலைன்னா கழத்தி ஊதி ஊதித் திரும்பச் சொருகுவோமே, அந்த டப்பாதான். அத வச்சுக் காரு ரேஸு, பைக்கு ரேஸு, ஃபுட்பாலு, குண்டு போடுத பிளேனு, எல்லாத்தையும் ஆடிக் காட்டி, இது தேறும், இது தேறாதுன்னு சொல்லுதது. ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்துருவான். பழைய குண்டு டிவி ஒண்ணு வச்சிருக்கோம். அதுலதான் ஆடணும். புது டிவியில ஆடுனா அந்த ஆட்டத்துக்கு மரியாத கெடையாதும்பான்.

அந்தக் கேசட்டு மேல ஒட்டியிருக்க படம் ஒண்ணா இருக்கும், உள்ள இருக்க ஆட்டம் வேறயா இருக்கும். நெச பேரு எவனுக்குத் தெரியும்? நாங்க வச்சதுதான் பேரு. மஞ்சக்காரு, பனிமலை பைக்கு, மொட்டையன் ஃபுட்பாலு. இந்தப் பேரச் சொன்ன ஒடனே பாக்கவங்களுக்குச் சந்தோசம் தாங்காது. ‘சார், எங்க தெருவுல அதுக்கு வழுக்கத்தலை ஃபுட்பால்னு பேரு சார்’னு துபாய்லருந்து எழுதுவான், மலேசியாவுலருந்து எழுதுவான். எம்பேரு எவனுக்கும் தெரியாது, எல்லாருக்கும் நான் ‘சார்’தான். 

பேசுதது நான், ஆடுதது அவன். அது பள்ளிக்கூடம் படிக்கையிலயே அப்படித்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கடைக்காரன் ரெண்டு டிவி போட்டு வச்சிருந்தான். லிங்கதொரை ஒக்காந்து ஆடுவான். நான் பக்கத்துல நின்னு, ரேடியோவுல கிரிக்கெட்டுக்குச் சொல்லுவாகல்லா, அதே மாதிரி ஏத்த எறக்கமாச் சொல்லுவேன். எனக்கு ஆட வராது அண்ணாச்சி. மொத வளைவுலயே முட்டிருவேன். ஆனா பேசுனா கடையில இருக்க அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாப்பான். சேனல்லயும் எங்குரலு மட்டுந்தான் வரும், அவன் மூச்சுவிடப்பிடாது. பாக்கவன் எல்லாம் ஆடுததும் நான்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தான். நாங்க அதுல பொய் சொல்லல. சொல்லல, அவ்வளவுதான்.

மார்க்கு மட்டும் நான் போடுததுதான். படத்துக்குப் பத்துக்கு இவ்வளவு, பாட்டுக்கு இவ்வளவு, கண்ட்ரோலுக்கு இவ்வளவு. கண்ட்ரோல்னா, பட்டன அமுக்குன அந்தக் கணமே காரு திரும்பணும். அமுக்கி, யோசிச்சு, அப்புறம் திரும்புனா அது என்ன காரு? மாட்டுவண்டி. அதுல நான் கறாரு. போட்டா போட்டதுதான். ஸ்கூல்லயும் அப்படித்தான், ‘சார் ஒரு மார்க்கு’ன்னு பேப்பரத் தூக்கிக்கிட்டு எவனும் எங்கிட்ட வந்து நிக்க முடியாது. ரெக்கார்டிங் முடிஞ்சதும் லிங்கதொரைக்கும் ஒரு மார்க்கு சொல்லுவேன், தமாசுக்கு. ‘இன்னைக்கு ஒனக்கு எட்டுலே’ன்னு. அவனும் ‘எங்க சார் ரெண்டு மார்க்கு போச்சு’ன்னு கையக் கட்டிக்கிட்டு நிப்பான். 

போன வருசம் முழுப்பரீட்ச சமயத்துல ஆரம்பிச்சது. பனிமலை பைக்கு ஆடிக்கிட்டு இருந்தான். வளைவுல விழுந்துட்டான். திரும்பவும் விழுந்தான். அவன் அந்த ஆட்டத்துல விழுந்து நான் பாத்ததே இல்ல.

“ரப்பர் போயிருக்கும்லே”ன்னேன். பட்டனுக்கு அடியில கறுப்பா ஒரு ரப்பர் இருக்கும் அண்ணாச்சி. அது தேஞ்சுட்டா அமுக்குனது ஒட்டாது.

அவன் தன் வெரலையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம், “ஆமா. ரப்பராத்தான் இருக்கும்”னான்.

கழத்தி, பஞ்சுல ஸ்பிரிட்டு நனச்சுத் தொடச்சேன். சிகரெட்டு டப்பாவுல இருக்க ஈயத்தாள வெட்டி ரப்பருக்கு அடியில ஒட்டுனேன், அது பழைய வைத்தியம். ஒண்ணும் கேக்கல. சரி, இது கண்ட்ரோலரு கோளாறு இல்ல, ஆட்டத்து மேலதான் கொறைன்னு பனிமலை பைக்குக்கு அஞ்சு போட்டேன். அடுத்து மொட்டையன் ஃபுட்பாலு. அதுலயும் பந்து ஒரு பக்கம் போவுது, இவன் ஆளு ஒரு பக்கம் போறான். நாலு போட்டேன். சனம் சண்டைக்கு வந்துட்டு. ‘சார், கண்ட்ரோல் வெண்ணெய் மாதிரி இருக்கும் சார், ஒங்க டப்பாதான் சரியில்ல’ன்னு எழுதுதான். கூட்டம் கத்துதேன்னு மார்க்க ஏத்துனா நான் என்ன வாத்தியாரு? அதுக்குன்னு தனியா ஒரு வீடியோ போட்டு எல்லாருக்கும் பதில் சொன்னேன்.

எம்பொஞ்சாதி ஒரு நாளு சொன்னா. “லிங்கதொரை அண்ணன் டீத் தம்ளர ரெண்டு கையாலயும் பிடிக்காக, பாத்தீகளா?”ன்னா. டீ சூடா இருந்திருக்கும்னேன். வேன் ஓட்டுதத விட்டுட்டு ஸ்கூல்லயே கேட்டுக் காவலுக்கு ஒக்காந்தான். கேட்டதுக்கு இடுப்பு வலிக்குன்னான். இடுப்பு வலிக்குன்னு ஒரு மனுசன் சொன்னா நம்புவோமா மாட்டோமா, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் மஞ்சக்காரு. அதுதான் அவன் உசுரு. சின்ன வயசுல அதுல அவன செயிக்க அந்தக் கடையில ஆளு கெடையாது. அத நான் கடைசிக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். ஆடுனான். மொத வளைவுல காரு சுவத்துல முட்டுச்சு. மறுபடி எடுத்தான், முட்டுச்சு. முட்டுது, முட்டுது, முட்டிக்கிட்டே இருக்கு. சேனல்ல நான் நல்ல தமிழ்லதான் பேசுவேன். ‘இந்த ஆட்டத்தைச் செய்தவனுக்குக் கை என்று ஒன்று இருந்ததா என்றே ஐயமாக இருக்கிறது’ன்னேன். லிங்கதொரை சிரிச்சான். சத்தம் வராம, தலையக் குனிஞ்சுக்கிட்டு. கண்ட்ரோலுக்கு மூணு போட்டேன். நான் போட்டதுலயே கொறச்ச மார்க்கு அதுதான். அவனுக்கு என்ன போட்டேன்னு ஞாபகம் இல்ல. ரெண்டோ என்னமோ.

அடுத்த ஞாயித்துக்கெழம அவன் வரல. அவன் பொஞ்சாதி ஜெயக்கொடிதான் போன் பண்ணுனா. மதுரையில பெரிய டாக்டர்ட்டக் காட்டுனாகளாம். நரம்புல வியாதியாம். மொதல்ல கை போகுமாம், அப்புறம் காலு, அப்புறம் நாக்கு. மருந்து கெடையாதாம். மாசக்கணக்கா இருந்திருக்கு அண்ணாச்சி, பட்டன அமுக்கையில வெரலு கேக்கலன்னு அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. நான் ரப்பரு ரப்பருன்னு கழத்திக்கிட்டு இருக்கேன், இவன் பக்கத்துல ஒக்காந்து திருப்புளி எடுத்துக் குடுக்கான்! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?

கேட்ட ஒடனே எனக்கு எப்படி இருந்துச்சுன்னா… எப்படியும் இல்ல. சரிம்மான்னேன். போன வச்சுட்டு, இந்த வாரத்துக்கு யார வச்சு ஆடன்னு யோசிச்சேன். தப்புன்னு சொல்லுவீக. ஆனா அதான் யோசிச்சேன்.

அவனுக்கு ஒண்ணும் செய்யலைன்னு நெனச்சிராதீக. கடையில நின்னு ஆடுத பெரிய மிஷின்ல கம்பு மாதிரி ஒரு பிடி இருக்குமே, அதே மாதிரி ஒண்ணு டெல்லியிலருந்து வரவழச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன். உள்ளங்கையால தள்ளுனாப் போதும். யாரு செய்வா? அத மடியில வச்சுத் தடவிக்கிட்டே இருந்தான், பூனைக்குட்டியத் தடவுத மாதிரி. அப்புறம் சொன்னான்.

“லே ஆவுடை, இனிமே நான் பேசுதேன். நீ ஆடு.”

“எனக்கு எங்கலே ஆட வரும்?”

“வராட்டா என்ன? நீ போயிச் சுவத்துல முட்டு. நான் எப்படித் திருப்பணும்னு சொல்லுதேன். பேச்சு இருக்கவரைக்கும் பேசிக்கிடுதேன்லே. நாலு பேரு சிரிச்சாச் சிரிக்கட்டும்.”

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு அண்ணாச்சி. அத்தன வருசமா நான் பேசி வளத்த சேனலு. இவன் ‘வந்துச்சு போச்சு’ன்னுதான் பேசுவான். சேனலுக்குத் தரம்னு ஒண்ணு இருக்குல்லா? நான் ஆடுனா நாறிப்போகும், அவன் பேசுனா… சரி, எதுக்கு அது. “பொறவு பாப்போம்லே”ன்னு எந்திச்சு வந்துட்டேன். அவன் அந்தப் பேச்ச அதுக்கப்புறம் எடுக்கல. ஆடி மாசத்துல ஜெயக்கொடி அவன அவ ஊருக்கே கூட்டிட்டுப் போயிட்டா. அங்க அவ அண்ணன் தம்பிக இருக்காக, தூக்கி எறக்க ஆளு வேணும்லா.

நான் அடிக்கடி போகல. பரீட்சப் பேப்பரு, அது இது. போன்ல பேசுவான். அப்பவே நாக்கு பெரண்டுட்டு. நான் ‘ம்… ம்…’னு கேட்டுக்கிடுவேன். 

தீவாளி முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஒரு வீடியோ அனுப்புனான். வீட்டுலயே போன நிக்க வச்சு எடுத்தது. டப்பாவையும் மஞ்சக்காரு கேசட்டையும் அவங்கிட்டயே குடுத்துவிட்டிருந்தேன். பாத்தா, ஆடுதது ஜெயக்கொடி! அவ ஆயுசுல அதத் தொட்டது கெடையாது. இவன் பக்கத்துல சாஞ்சுக்கிட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கான். வாயில வெத்தல போட்டுக்கிட்டுப் பேசுத மாதிரி இருக்கு. வளைவு வாரதுக்கு முன்னாலயே வேகத்த விடு, ரெண்டு தட்டுத் தட்டு, இப்பம் அமுக்குன்னு. அவ அமுக்குதா. காரு திரும்பிட்டு அண்ணாச்சி. சுத்தமாத் திரும்பிட்டு. அவ ‘ஏ… போயிட்டு போயிட்டு’ன்னு கத்துதா. இவன் சிரிக்கான். பொறவு மார்க்கு சொல்லுதான். படத்துக்கு ஏழாம், பாட்டுக்கு எட்டாம், கண்ட்ரோலுக்குப் பத்துக்குப் பத்தாம். அதுவரைக்கும் எனக்கு வெளங்குச்சு. அதுக்கப்புறம் அர நிமிசம் என்னமோ சொல்லுதான். அது சுத்தமா வெளங்கல. கொழகொழன்னு இருக்கும்.

இதச் சேனல்ல போடணும்னான். அவ்வளவுதான் கேட்டான். வானத்தக் கொண்டா பூமியக் கொண்டான்னு கேக்கல. மஞ்சக்காரு மேல அந்த மூணு மார்க்கு கெடக்கக்கூடாது, இதப் போட்டுரு, நான் இருக்கையிலயே பாத்துருதேன்னான். நான் மார்க்க மாத்துத ஆளு இல்ல. ஆனாலும் இவனுக்காகப் போட்டுருவோம்னுதான் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.

சத்தம் சரியில்ல அண்ணாச்சி. அதுதான் விசயம். ஃபேன் எரைச்சலு, சேவலு கூவுது, அதுக்கு நடுவுல இவன் நாக்கு. அப்படியே போட்டா ‘என்ன சார் ஒண்ணும் புரியலியே’ன்னு எழுதுவான், அவன் மனசு புண்படும்லா? அவனுக்காகத்தான் பாத்தேன். கம்ப்யூட்டர்ல ஏத்தி ஃபேன் சத்தத்த எடுத்தேன். சேவல எடுத்தேன். கடைசில இருந்த அந்த அர நிமிசத்த, அது ஆருக்கும் வெளங்காதுன்னு வெட்டிட்டேன். எடுக்க எடுக்க அவன் கொரலு கெணத்துக்குள்ளருந்து வாரது மாதிரி ஆயிட்டு. அப்புறம் ஒரு யோசன வந்துச்சு. அவன் சொன்னத எழுதி வச்சு, நானே நல்ல தமிழ்ல பேசி அது மேல போட்டுட்டா? பேசியும் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஜெயக்கொடி கத்துத எடத்துல எங்கொரலு ஒட்டல.

அவ வாரா வாரம் போன் பண்ணுவா. “சார், போட்டாச்சான்னு கேக்காக.” சத்தம் சரிபண்ணிக்கிட்டு இருக்கேம்மா, போட்டுருதேன்னு சொல்லும்மான்னுவேன். பின்னால அவன் ‘ஆ ஊ’ன்னு என்னமோ சொல்லுவான். அவ “சரி சார், அவசரம் இல்லங்காக”ம்பா. அவளுக்கு அவன் சொல்லுதது எல்லாம் வெளங்கியிருக்கு. அந்த அர நிமிசம் என்னம்மான்னு அவட்டயே கேட்டிருக்கலாம். கேக்கல. ஒரு மாசத்துல அந்த ‘ஆ ஊ’வும் நின்னுட்டு. அவ மட்டும் கேப்பா. பொங்கலுக்குப் போட்டுருவோம்னேன். மார்கழி கடைசில போயிட்டான்.

இன்னைக்கு நான் கெளம்பையில ஜெயக்கொடி வாசலு வரைக்கும் வந்தா. சண்ட போடுவான்னு நெனச்சேன். போட்டா நல்லா இருந்திருக்கும். “சாப்பிட்டீகளா சார்”னு மட்டுந்தான் கேட்டா. அப்புறம், “போனக் கண்ணுக்கு நேர வைக்கச் சொல்லி, ஒங்க சேனலத் தெறந்து வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாக சார்”னா. அவ்வளவுதான். 

பஸ்ஸுக்கு நிக்கையில போட்டுட்டேன் அண்ணாச்சி. நான் சரிபண்ணுனத இல்ல. அது வீட்டுக் கம்ப்யூட்டர்ல கெடக்கு. போன்ல இருந்தது அவன் அனுப்புனது மட்டுந்தான். ஃபேனு, சேவலு, நாக்கு, எல்லாத்தோடயும் போட்டுட்டேன். ‘என் நண்பன் லிங்கதுரை, அமரர்’னு மேல எழுதுனேன். சனம் திட்டித் தீத்துரும்னு நெனச்சுக்கிட்டுத்தான் பஸ்ஸு ஏறுனேன்.

நீங்க ஏறுததுக்கு முன்னால வரைக்கும் அதத்தான் படிச்சுக்கிட்டு வந்தேன். நெறையப் பேரு எழுதியிருக்கான். ஒருத்தன்கூட சத்தம் சரியில்லைன்னு எழுதல அண்ணாச்சி. ஒருத்தன்கூட வெளங்கலைங்கல. எல்லாவனுக்கும் எல்லாம் வெளங்கியிருக்கு. அந்தத் தட்டுத் தட்டுத வித்தையச் செஞ்சு பாத்தேன் சார், காரு திரும்பிட்டு சார்ங்கான் ஒருத்தன். இத்தன வருசமா ஆடுனது இவருதானா சார்னு கேக்கான் இன்னொருத்தன். 

இந்தா, இதப் பாருங்க. சவூதியிலருந்து ஒருத்தன். கண்ணாடி வேணுமா? சரி, நானே வாசிக்கேன். ‘கடைசியில அவர் சொல்றது மனச என்னமோ பண்ணுது சார். “ஆவுடை, கண்ட்ரோல் நல்லாத்தான் இருந்துச்சு, எங்கைதான் போயிட்டு, ஒங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சுலே”ன்னு சொல்றாரே, யாரு சார் அந்த ஆவுடை? எதுக்கு அவருக்கு அப்படிப் பயந்தாரு?’

அந்த அர நிமிசத்த நான் எத்தன தடவ கேட்டிருக்கேன் தெரியுமா? ஹெட்போன் மாட்டி, மெதுவா ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கேன். எம்பேரு அதுல இருக்கது எனக்குக் கேக்கவே இல்ல.

பயந்தானாம் அண்ணாச்சி. எங்கிட்ட. எதுக்குப் பயப்படணும்? நான் அவன ஒரு நாளு ஒரு பொழுது வஞ்சது கெடையாது. கை நீட்டுனது கெடையாது. மார்க்குதான் போட்டேன்.